கண்ணை மட்டும் விட்டுட்டு

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. டியூஷன் ஆரம்பம். இசக்கி சுளகை மடியில் ஏற்றிக்கொண்டு முருங்கைக்கீரையில் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள். கீரை ஆய முன்வாசல்தான் தோது. காற்று வரும், போகிறவர் வருகிறவரோடு நாலு வார்த்தை பேசலாம், கைக்கும் வேலை வாய்க்கும் வேலை. ஆனால் கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் அவள் சமையல்கட்டுக்குள் வந்து, அடுப்புமேடைக்குக் கீழே, இந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் உட்காருகிறாள். காம்பவுண்டுக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள். நடுவே ஒற்றைக்கல் சுவர். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். அந்தப் பக்கம் இருப்பது அனுசுயா மிஸ். பகலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வேலை, சாயங்காலம் வீட்டில் டியூஷன். பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் ஒன்று இசக்கியின் மகள் மிதுலா, யூகேஜி. இங்கிருந்து பார்க்க முடியாது, கேட்கலாம். கேட்டுக் கேட்டு, யார் எந்த மூலையில் இருக்கிறார்கள் என்பது இசக்கியின் முதுகுக்கே தெரியும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பது எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் மதினியின் மகன் கிஷோர். வளையலைக் கிலுக்குவது மேலத்தெருப் பிள்ளை. இருமுவது பால்காரர் பேரன். சத்தமே இல்லாதது மிதுலா. சத்தமே இல்லாத பிள்ளையை எப்படிக் கேட்பது என்று இசக்கி பழகியிருந்தாள். மற்ற சத்தங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுகிற இடத்தில் அவள் இருப்பாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். கீரையை ஆய்ந்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு, நேரே போய், மிஸ், பிள்ளையை அடிக்காதீங்க. அவ்வளவுதான். இதைச் சொல்வதற்கா இத்தனை நாள். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய், குழாயடியில் அவள் வாய் திறந்தால் குடம் நிறைவதுகூடத் தெரியாமல் நின்று கேட்பார்கள், அந்த வாய் இந்தச் சின்னப் பேச்சுக்கு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

முதலில் பாட்டு. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து இங்கிலீஷ் பாட்டைக் கத்துகிறபோது பயமில்லை. அந்தக் கூட்டத்தில் எந்த வாய் அசையவில்லை என்று யார் கண்டார்கள். பாட்டு முடிந்தால்தான் இருக்கிறது. பாட்டுக்குப் பிறகு டிக்டேஷன். மிஸ் ஒரு வார்த்தை சொல்வார், பென்சில்கள் ஓடும், இன்னொரு வார்த்தை சொல்வார், ரப்பர் தேய்க்கிற சத்தம் வரும், அப்புறம் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கை, என்பார். கத்த மாட்டார், திட்ட மாட்டார், நாயே பேயே என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வந்து இசக்கி கேட்டதில்லை. காப்பிக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரலில், கை. அதற்கப்புறம் ஸ்கேல். கிஷோர் கையில் விழுந்தால் ஒரு சத்தம், சதைப்பிடிப்பான கை, மொத்தென்று கேட்கும், அவன் அழுதுவிட்டு உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்துப் பிள்ளையோடு பேச ஆரம்பித்துவிடுவான். மிதுலாவின் கை சின்னக் கை. அது வெறும் தரையில் ஸ்கேல் விழுந்த மாதிரி இருக்கும். அதற்கப்புறம் ஒன்றுமே கேட்காது. அழுதால் தேவலை. அழுகிற பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்ள முடியும். அழாத பிள்ளையை என்ன செய்வது. வீட்டுக்கு வந்ததும் கையைப் பிடித்துப் பார்ப்பாள் இசக்கி, சிவந்திருக்காது, அழுந்தின தடம்கூட இருக்காது, மிஸ் அளவு தெரிந்தவர். அதனாலேயே கேட்கவும் வழியில்லாமல் போகிறது. தடம் இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இது என்ன என்று காட்டிக் கேட்கலாம்.

கேட்கலாமா? அதுதான் கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்றே. விஜயதசமி அன்றைக்கு டியூஷனில் சேர்க்கப் போனபோது, பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு பூ பழம் ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து, பிள்ளையின் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து மிஸ்ஸிடம் நீட்டச் சொல்லிவிட்டு, இசக்கி தன் வாயாலேயே சொன்னாள்: "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் தோலை உரிச்சிருங்க மிஸ். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். இதை யார்தான் சொல்லவில்லை. அவளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அவள் அய்யாவும் இதைத்தான் சொன்னார். கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு, "கண்ணு ரெண்டை விட்டுட்டு மிச்சத்தை உரிச்சு உப்புக்கண்டம் போட்டிருங்க சார்" என்றார். அதற்கு அந்த சார் அவளை ஏற இறங்கப் பார்த்து, "போடலாம்ப்பா, கறி ஒண்ணும் காணலியே. மத்தியானச் சோறு தின்னு கொஞ்சம் தேறட்டும்" என்றார். அய்யா சிரித்தார், சார் சிரித்தார், என்னவென்று தெரியாமல் இவளும் சிரித்தாள், சேர்த்தாயிற்று. அந்த சாரும் அடிக்காதவர் ஒன்றுமில்லை, வேப்பங்குச்சி ஒடித்து வைத்திருப்பார், கணக்குக்கு அடிப்பார், பொய்க்கு அடிப்பார். ஆனால் அய்யா சொன்னார் என்பதற்காக அடிக்கவில்லை. அது ஒரு மரியாதை. சாப்பாட்டு நேரத்தில் வந்தவரைப் பார்த்து, வாங்க சாப்பிடலாம் என்பதும், வந்தவர் இப்பத்தான் சாப்பிட்டேன் என்பதும் மாதிரி. சட்டியில் சோறு இருக்கிறதா என்று யார் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளையை உங்களிடம் நம்பி விட்டேன் என்பதற்கு அவர்கள் ஊரில் வேறு பேச்சு கிடையாது. மிஸ் சிரிக்கவில்லை. "சரிங்க" என்று தலையை ஆட்டினார். நாளையிலிருந்து அரை லிட்டர் கூட ஊற்றுங்க என்றால் பால்காரர் தலையாட்டுவாரே, அப்படி. அன்றைக்கு இசக்கி என்ன நினைத்தாள்? எவ்வளவு அடக்கமான பெண், நம்மைப்போல எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிற ஜாதி இல்லை என்று நினைத்தாள். நினைத்தது மட்டுமா, வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லவும் செய்தாள்.

ஒரு கொத்து முடிந்து இன்னொரு கொத்து. பழுத்த இலையை எடுத்துத் தனியே போட வேண்டும், பூச்சிக்கூடு இருந்தால் தட்ட வேண்டும். பிள்ளை அங்கேதான் நின்றது. அதை யோசித்தாளா. வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா முகத்தையும் மிஸ் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கப்புறம் ஒரு நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது, கண்ணில் சோப்பு போய்விடாமல் இசக்கி உள்ளங்கையால் அதன் நெற்றியை மறைத்துப் பிடித்திருக்க, மிதுலா கேட்டது: "அம்மா, கண்ணு மட்டும் உனக்கா?" என்னடி கேக்கே என்றாள் இசக்கி. "மத்ததெல்லாம் மிஸ்ஸுக்கா?" இசக்கிக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. கையில் பிடித்திருந்த செம்பு நழுவிப் போகிற அளவுக்குச் சிரித்தாள். புருஷன் வந்ததும் அவனிடம் சொல்லிச் சிரித்தாள். அடுத்த நாள் குழாயடியில் சொன்னாள், பிள்ளை கேட்ட மாதிரியே தலையைச் சாய்த்து, கண்ணை அகட்டிக் கேட்டுக் காட்டினாள், "ஏ இசக்கி, இது கலெக்டராத்தான் வரும் பாரு" என்று தங்கபுஷ்பம் மதினி இடுப்பில் குடத்தோடு குலுங்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். கேட்ட பிள்ளை சிரித்ததா என்று யாராவது பார்த்தார்களா. பிள்ளை ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கும். இல்லடி தங்கம், முழுசும் எனக்குத்தான், நகக்கண் வரைக்கும் எனக்குத்தான் என்று ஒரு வார்த்தை. அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது போய்ச் சொன்னால் பிள்ளைக்குக் கேள்வியே மறந்திருக்கும், பதில் தானாக வந்து சேர்ந்திருக்கும். தினமும் சாயங்காலம் வருகிறதே பதில்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு முடிந்தது. இசக்கியின் விரல்கள் நின்றன, பிறகு தாமாக ஓடின. சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்கப் பார்க்காமல் இல்லை. ஒரு தடவை, மிஸ் துணி காயப்போடும்போது, பக்கத்துக் கொடியில் தானும் சேலையை உதறிக்கொண்டே, எப்படியாவது சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள். வந்தது என்னவென்றால், "என்ன மிஸ், தோலைக் கொஞ்சம் மிச்சம் வையுங்க, அடுத்த வருஷத்துக்கு வேணும்" என்று வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அவளால் சிரிக்காமல் பேச முடிந்ததே இல்லை. மாமியார் செத்த வீட்டில்கூட முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றவள். மிஸ் கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பி, ரொம்பப் பொறுமையாக, "பயப்படாதீங்க. முகத்துப் பக்கம் நான் போகவே மாட்டேன். நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கீங்கல்ல" என்றார். அவர் கண்ணில் ஒரு கெட்ட எண்ணம் இல்லை. பொய்யும் இல்லை. அவர் எவ்வளவு சிரத்தையாக அந்த வார்த்தையைக் காப்பாற்றி வருகிறார் என்பது இசக்கிக்கு அப்போதுதான் புரிந்தது. வாயில் மட்டும் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, துடைக்க மறந்த சோற்றுப் பருக்கை மாதிரி.

பேட், கேட், மேட். சுவர் வழியாக வார்த்தைகள் வருகின்றன. நடுவே நடுவே பென்சில். இந்தப் பிள்ளையா எழுதத் தெரியாமல் கை நீட்டுகிறது. இது எல்கேஜியில் சேருவதற்கு முன்னாலேயே படித்த பிள்ளை. இசக்கியின் புருஷன் வேல்ச்சாமி கழுகுமலை பஸ்ஸில் கண்டக்டர், மத்தியானம் அவனுக்குச் சோற்றுத் தூக்கு கொடுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போவார்கள், அவன் வண்டி வருகிறவரைக்கும் பொழுது போக வேண்டுமே என்று, இடுப்பில் இருந்த பிள்ளைக்கு போர்டுகளைக் காட்ட ஆரம்பித்தாள். பாடம் சொல்லிக்கொடுக்கிறோம் என்று அவளுக்கே தெரியாது. ட என்பது நாற்காலி. ப மூடி போடாத பெட்டி. ம வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பூனை. கோவில்பட்டி போர்டைப் பார்த்ததும் பிள்ளை, "அம்மா, ரெண்டு நாக்காலி. ஒண்ணு பொட்டு வச்சிருக்கு, ஒண்ணு குடை பிடிச்சிருக்கு" என்று சொல்லும். ஒரு நாள், பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் சாமி படம் கண்ணாடி போடுகிற கடை இருக்கிறதே, அந்தக் கடை போர்டைப் பார்த்து, பெட்டி, நாக்காலி, பூனை என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, திடீரென்று கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள், ரகசியம் சொல்வது மாதிரி, "படம்" என்றது. பொட்டு எங்கே வரும் எங்கே வராது என்றுகூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுவாகச் சேர்த்துக்கொண்டது. இசக்கி அந்த இடத்திலேயே தூக்கைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றினாள். வண்டியை விட்டு இறங்கி வந்த வேல்ச்சாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, பைக்குள்ளிருந்து விசிலை எடுத்து நீட்டி ஊதினான் பாருங்கள், புறப்படத் தயாராக நின்ற விளாத்திகுளம் வண்டிக்காரர் தன் கண்டக்டர்தான் ஊதினார் என்று வண்டியை எடுத்துவிட்டார், அந்தக் கண்டக்டர் கையில் டீ கிளாஸோடு பின்னால் ஓடினார். பிள்ளை சிரித்த சிரிப்பில் அதற்கு விக்கல் எடுத்தது. அதற்கப்புறம் வீடு பூராவும் எழுத்துதான். ஈரக்காலால் தரையில் எழுத்து, கண்ணாடியில் மூச்சை ஊதி எழுத்து, வேலை முடிந்து வந்து குப்புறப் படுத்திருக்கிற அப்பா முதுகில் விரலால் எழுத்து, அவன் என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும், வேண்டுமென்றே தப்பாகச் சொல்வான், தப்புத் தப்பு என்று அது முதுகில் ஏறி மிதிக்கும். தப்பு என்பது அப்போது அந்த வீட்டில் அவ்வளவு இனிப்பான வார்த்தையாக இருந்தது.

இப்போது பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளை தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. எட்டயபுரம் வண்டி பக்கத்தில் வந்து நிற்கிறது, முகத்தை எடுக்க மாட்டேன் என்கிறது. அது என்ன போர்டு சொல்லு என்றால், "தப்பாச் சொல்லிட்டா?" என்கிறது. தப்பாச் சொன்னா என்ன, ஒண்ணுமில்ல, சும்மா சொல்லு என்றால், அம்மாவை ஒரு பார்வை பார்க்கிறது. பொய் சொல்கிறவர்களைப் பார்க்கிற பார்வை. இதில் யாரைக் குறை சொல்ல. ஸ்கேல் அந்த வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்து இந்த வீட்டில் இட்லி ஊட்டியது யார். "தின்னுறியா, மிஸ்ஸைக் கூப்பிடவா" என்று சுவரைத் தட்டினது யார். தட்டினதும் அது ஒரு பேச்சில்லாமல் வாயைத் திறந்தது, மளமளவென்று தட்டு காலியானது, எவ்வளவு சுளுவாக வேலை முடிந்தது என்று அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. நோட்டில் மிஸ் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பினால் அதைக் காம்பவுண்டு பூராவும் கொண்டுபோய்க் காட்டினது யார். இசக்கிதான். இங்கிலீஷை ஒரே இழுப்பில் சேர்த்துச் சேர்த்து எழுதுகிறது பிள்ளை, சிக்குக் கோலம் மாதிரி, இவளுக்கு அதில் ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை, அந்தப் பிடிபடாததிலேயே ஒரு பெருமை இருந்தது. தனக்குப் படிக்கத் தெரியாத ஒன்றைத் தன் பிள்ளை எழுதுகிறது. அந்தப் பெருமைக்கு அந்தக் கை நீண்டிருக்கிறது. போன வாரம் இதே மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மிதுலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. சரி, மறுபடி ஆரம்பிப்போம் என்று இசக்கி இரண்டு காம்பை எடுத்து, ஒன்றை நிறுத்தி ஒன்றைப் படுக்கவைத்து ட போட்டு, "யாரு வந்திருக்கா பாரு, தெரியுதா" என்றாள். பிள்ளை பார்த்தது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கையை நீட்டியது. காம்பை எடுக்கத்தான் நீட்டுகிறது என்று நினைத்தாள். உள்ளங்கை மேலே பார்க்க இருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வேல்ச்சாமியிடம் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள். அவன் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அடின்னா என்ன, கட்டிவச்சா அடிக்காங்க? ரெண்டு தட்டுத் தட்டுவாங்க" என்றான். "கையை நீட்டுதுங்க. நான் கேக்கதுக்கு முன்னாடியே நீட்டுது" என்றாள். "நீயும் நானும் தமிழ்ல சிரிச்சுச் சிரிச்சுத்தான் படிச்சோம். என்னத்தைக் கிழிச்சோம்? நான் டிக்கெட்டைக் கிழிக்கேன்" என்றான். சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்தான், பிள்ளை வராதா என்று கொஞ்சம் பார்த்தான், அது வரவில்லை, அப்படியே தூங்கிப்போனான். தங்கபுஷ்பம் மதினியிடம் கேட்டதற்கு, "போ கிறுக்கி. என் மகன் தினம் வாங்குதான், அவன் மொத்தமே எருமைத் தோலு. உன் பிள்ளை பூப்போல, அதான் உனக்குத் தாங்கல. நம்ம போய் அடிக்காதீங்கன்னு சொன்னா, சரி நீங்களே பாத்துக்கோங்கன்னு மிஸ் விட்டுட்டா? ஸ்கூல்லயும் அவங்கதான், டியூஷன்லயும் அவங்கதான். பின்னாடி பெஞ்சுல தூக்கிப் போட்டா நீயா போய் இங்கிலீஷ் சொல்லிக்குடுப்பே?" என்றாள். அதுவும் சரிதான். எல்லார் பேச்சும் சரியாகத்தான் இருக்கிறது. மிஸ் பேச்சு சரி, புருஷன் பேச்சு சரி, மதினி பேச்சு சரி. இவளுக்குத்தான் முதுகில் சுவர் சுடுகிறது. சரி நீங்களே பார்த்துக்கோங்க என்று மிஸ் சொன்னால் என்ன செய்வது? அந்த நோட்டை வைத்துக்கொண்டு இவள் என்ன சொல்லிக்கொடுப்பாள், நாற்காலி பெட்டி பூனையா? இங்கிலீஷுக்கு நாற்காலி எது என்று இவளுக்கு யார் சொல்வார்கள். பிள்ளை பின்தங்கிப்போகும். மிதுலாவா, அது மந்தம், என்பார்கள். அப்புறம் பெரிய வகுப்புக்குப் போய், அந்தப் பிள்ளையே ஒரு நாள் திரும்பி, ஏம்மா அன்னைக்கு என்னை நிறுத்தினே என்று கேட்டால். அப்படியும் கேட்கும். நிறுத்தாமல் விட்டாலும் கேட்கும். எப்படியும் கேட்கப்போகிறது என்றால் கை சிவக்காமல் இருக்கும்போதே கேட்கட்டும். மிஸ், பிள்ளையை அடிக்காதீங்க. மிஸ், நான் அன்னைக்குச் சொன்னது சும்மா சொன்னது. எங்க ஊர்ல அப்படிச் சொல்லுவோம், அது ஒரு பேச்சு, நீங்க அதை எடுத்துக்கிட்டீங்க. இல்லை, நீங்க எடுத்துக்கிட்டீங்க என்றால் அவரைக் குறை சொன்ன மாதிரி ஆகும். மிஸ், அவளை எங்கிட்டயே திருப்பிக் குடுத்திருங்க. ஐயோ, அது டியூஷனை நிறுத்துகிற மாதிரி ஆகிவிடும். மிஸ், பிள்ளையை அடிக்காதீங்க. இதுதான் சரி. சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டாவது சொல்ல வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாப் பென்சிலும் நின்றுவிட்டன. நோட்டுகளை அடுக்கி வாங்குகிற சத்தம். தாள் புரள்கிற சத்தம். இந்த நேரம்தான். இந்த நேரத்தில் இசக்கி கீரையை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள், பரீட்சை இவளுக்கு என்பது மாதிரி. ஒரு நோட்டு, இன்னொரு நோட்டு. கிஷோர் மூக்கை உறிஞ்சவில்லை, அவனுக்கும் பயம் வந்துவிட்டது. மிஸ் குரல் ஏதோ சொன்னது, தணிந்த குரல், வார்த்தை பிடிபடவில்லை. கை என்கிற சொல்லுக்காக இவள் காத்திருந்தாள். வரவில்லை. அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டாள், விட்ட மூச்சு வெளியே வருவதற்குள் ஸ்கேல் விழுந்தது. மொத்தென்று இல்லை. இப்படியும் அப்படியும் இல்லாமல், விளிம்பில் பட்டு வழுக்கின மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் விழுந்தது. இது யார் கை? எந்தக் கைக்கும் இந்தச் சத்தம் இல்லையே. மறுபடியும். மிஸ் இப்படி அடிக்க மாட்டார், அவர் அடி ஒரே சீராக இருக்கும், இது முன்னும் பின்னுமாக, கோபத்தில் அடிக்கிற மாதிரி வருகிறது. ஒரு பிள்ளை அழுதது. வளையல் கிலுங்கியது. மிதுலா எங்கே? இசக்கி சத்தங்களைத் தள்ளத் தள்ள, கிஷோர் இங்கே, வளையல் இங்கே, இருமல் இங்கே, மிஞ்சுகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, அந்த இடத்தில்தான் ஸ்கேல் விழுந்துகொண்டிருந்தது. ஐயோ பிள்ளையைக் கொல்லுகிறாளே. மடியில் இருந்த சுளகு சாய்ந்து கீரையெல்லாம் தரையில் கொட்டியது. கையைக் கழுவவில்லை. செருப்பு போடவில்லை. வாசலைத் தாண்டி, மிஸ் வீட்டு நடை ஏறும்போது அவள் உதட்டில் சிரிப்பு இல்லை, வாயில் வார்த்தை தயாராக இருந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. பாயில் பிள்ளைகள் முட்டி போட்டு வரிசையாக இருந்தார்கள், அடி வாங்காத கையெல்லாம் நீட்டியிருந்தது. அனுசுயா மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் நோட்டுகளை வைத்துச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் ஸ்கேல் இல்லை. ஸ்கேல் மிதுலா கையில் இருந்தது. ஸ்கேல் அதன் கையைவிட நீளம், இரண்டு கையாலும் பிடித்திருந்தது. வளையல் போட்ட பிள்ளை உள்ளங்கையை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தது. அடுத்தது கிஷோர். "வாங்க" என்றார் மிஸ், எழுந்திருக்கப் போனார். "இன்னைக்கு உங்க மிதுலா ஒருத்திதான் எல்லாம் சரி. ஒரு தப்புக்கூட இல்ல. முழுசும் சரியா எழுதுறவங்க மத்தவங்களுக்குக் குடுக்கலாம்னு வச்சிருக்கேன், அப்பத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். இத்தனை நாள் மாட்டேன்னுவா. இன்னைக்கு அவளே கேட்டு வாங்கினா." எல்லாம் சரி. இசக்கியின் காதில் முதலில் விழுந்தது அதுதான், ஒரு தப்புக்கூட இல்லை, விழுந்த மாத்திரத்தில் நெஞ்சு பொங்கியது, அவளைக் கேட்காமல், அடுப்பில் வைத்துவிட்டு மறந்த பால் பொங்குகிற மாதிரி பொங்கி வழிந்தது, அதை அமர்த்துவதற்குள் கிஷோரின் கண்ணைப் பார்த்துவிட்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை வந்துவிட்டாள், அத்தை ஏதாவது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ், பிள்ளையை அடிக்காதீங்க. இத்தனை சாயங்காலம் உருட்டி உருட்டிச் சேர்த்த வார்த்தை வாயிலேயே இருந்தது. யாரைப் பார்த்துச் சொல்வது? மிஸ்ஸைப் பார்த்தா? மிஸ் யாரையும் அடிக்கவில்லையே. எந்தப் பிள்ளையை என்று கேட்டால்? "மிது" என்றாள். "வா, வீட்டுக்குப் போலாம்." மிதுலா திரும்பிப் பார்த்தது. எத்தனையோ நாளுக்கப்புறம் அதன் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது, மூக்கு நுனியில் வேர்த்திருந்தது, பால்பல் எல்லாம் தெரிந்தது.

"இரும்மா" என்றது. "இன்னும் மூணு பேர் இருக்காங்க."

இசக்கி கீரைக்கறை படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். கிஷோர் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.